வாய்க்கால் வளைவு வீட்டின் முறை

இருபத்தேழு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, "சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம் இறங்குங்க" என்று ஊரையே விரட்டியவள், ஓய்வு பெற்றபின் ஆட்களை ஆமை வேகத்தில் நடத்திக் கூட்டிப்போகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? விசிலைக் கழற்றி வைத்தும் ஊருக்கு அவள் இன்னும் விசிலக்காதான்.

பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்களுக்கு மூன்று நாள் நடை. பழைய கல் வாய்க்கால் ஓரமாகவே போக வேண்டும். முப்பாட்டன்மார் சாந்து பூசாமல் அடுக்கிய கல், இன்றுவரை ஒன்றுகூட அசையவில்லை என்று சொல்லும்போது, தானே தூக்கி வைத்ததுபோல அவளுக்கு ஒரு பெருமை! தங்குவது ஊர்க்காரர் வீடுகளில். எட்டு வீடு, முறை வைத்து. யார் முறையையும் தாண்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் கைதூக்கியவளும் அவளே.

அவளே தாண்டினாள். எட்டில் ஒன்று, வாய்க்கால் வளைவில் இருக்கும் அண்ணி வீடு. அந்த முறை வரும்போதெல்லாம் பாதை சரியில்லை என்று சாக்குச் சொல்லி, மேட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்கவைத்து, அடுத்த வீட்டில் கொண்டுபோய் விடுவாள். பாதைக்கு ஒரு கேடும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், அண்ணனுக்கு முடியவில்லை என்று செய்தி வந்தபோது அவள் ஓடும் பஸ்ஸில் இருந்தாள். கடைசி நிறுத்தம் வரை போய்விட்டுத்தான் திரும்பினாள். அதற்குள் அண்ணன் போய்விட்டார். வாசலிலேயே அண்ணி, "உனக்கு அண்ணனைவிட பஸ்தான் பெருசு" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. வீம்பென்றால் வீம்பு, அப்படியொரு வீம்பு! ஊருக்கே தெரியும், வாயைத் திறக்கத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை.

போன மாதம் வந்த நால்வரில் ஒருவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அண்ணி வீட்டு முறை அன்றைக்கு. மத்தியானம் தாண்டியதும் அவர் முழங்கால் மக்கர் செய்தது. மேட்டைச் சுற்றி நடக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்ததோ அந்த ஒரே வீடு. நாலு பேர் முன்னால் அண்ணி மூஞ்சியில் அடித்தாற்போல் கதவைச் சாத்திவிட்டால்? ஆனால் அந்த மனுஷரை வழியிலா உட்கார வைக்க முடியும்? போய்த் தட்டினாள்.

அண்ணி திறந்தாள். ஒன்றும் கேட்காமல் கடிகாரக்காரரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள். அறையில் கட்டில்கள்மேல் துவைத்த விரிப்பு, மடித்த துண்டுகள், கூஜா நிறையத் தண்ணீர்.

"நாங்க வர்றதை யார் சொன்னாங்க அண்ணி?" ஆறு வருஷத்தில் முதல் வார்த்தை.

"யார் சொல்லணும்? முறை எனக்கும் தெரியும். மூணு வருஷமா ஒவ்வொரு தடவையும் விரிச்சு வைக்கிறேன். நீ மேட்டைச் சுத்திப் போறதை ஜன்னல்ல பார்த்துட்டு, மடிச்சு வச்சிடுறேன்."

விசிலக்கா மடித்த துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, மறுபடி மடித்தாள். அண்ணி ஒரு தலையணையை எடுத்துத் தட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னிக்கு உன் அண்ணன் போறதுக்கு முன்னாடி சொன்னார், 'அவ ஆளுங்களை நடுவழியில விட்டுட்டு வரமாட்டா, அவளைத் திட்டாதே'ன்னு. கேட்டுட்டும் திட்டினேன். அதைச் சொல்லத்தான் உன்னை எதிர்பார்த்துட்டு இருந்தேன்."

விசிலக்கா அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, விருந்தாளிகள் இருப்பதையும் மறந்து, வாய்விட்டு அழுதாள்.