ஆரல்வாய்மொழிச் சூளையில் நின்ற ஹெரால்டு

"டீச்சர், ராலி முடிஞ்ச பெறகு அந்தக் காரெல்லாம் எங்க போவும்?"

ஒன்பதாம் வகுப்பில் வேகம், நேரம், தூரம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. அந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் பழைய கார் ராலிகளைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அந்தக் கால ராலியில் முந்திப் போகிறவர் ஜெயிப்பதில்லை. குறித்த இடத்துக்குக் குறித்த நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதமானாலும் புள்ளி போகும், சீக்கிரம் போனாலும் போகும். இட்லி வேக வைப்பது மாதிரிதான்: முன்னால் திறந்தால் மாவு, மறந்துவிட்டால் கல்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே என் வேலையாகிவிட்டது. நம் மாவட்டத்தில் இதுவரை மூன்று ராலி கார்கள் என்ன ஆயின என்று கண்டுபிடித்தேன். ஒன்று மார்த்தாண்டம் பக்கம் கோழிக்கூடாக இருக்கிறது. இன்னொன்றின் என்ஜின் ஒரு வாழைத்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறது. மூன்றாவதை உருக்கிவிட்டார்கள். இந்தப் பதிவு நான்காவதைப் பற்றியது. போனது 2012 ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்த சனி, ஞாயிறு.

இது ஒரு இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். எழுபதுகளின் தொடக்கத்தில் தென் மாவட்டங்களைச் சுற்றி நடந்த ஒரு ராலியில் ஓடியது. ஓட்டியவர் குலசேகரத்து ரப்பர் தோட்டக்காரர், அவர் காலமாகிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு வழி சொன்னவர் தேங்காய்ப்பட்டணத்து ஞானப்பிரகாசம். பிறகு நெடுங்காலம் கல்ஃபில் வேலை பார்த்துத் திரும்பி, இப்போது எழுபது வயதில் ஊரில் இருக்கிறார். மூன்றாம் இடம் பிடித்தோம் என்கிறார். கோப்பை தோட்டக்காரர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டது. ஒரு போட்டோ கூட இல்லை. ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அவருக்கு 'ராலி' என்று வட்டப்பெயர் வைத்ததோடு சரி. மீன் ஏலத்தில் யாராவது கதை அளந்தால் "ராலி அடியாதே" என்பார்களாம்.

அந்தக் கார் கடைசியாக மண்டைக்காட்டு மைக் செட்காரர் செல்லப்பனுக்கு விற்கப்பட்டது என்று தோட்டத்தின் பழைய டிரைவர் மூலம் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு வடசேரியில் பஸ் ஏறினேன். மண்டைக்காடு இருபது கிலோமீட்டர். எட்டரைக்கெல்லாம் அவர் வீட்டில் இருந்தேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்ததால் செல்லப்பன் ஆற அமரப் பேசினார். ஆனால் விஷயம் சிக்கலாகிவிட்டது. அவரிடம் ஒன்றல்ல, இரண்டு ஹெரால்டு இருந்திருக்கின்றன. இரண்டின் தலையிலும் துளை போட்டு, 'கோளாம்பி' என்று இங்கே சொல்லும் புனல் ஒலிபெருக்கியைக் கட்டித் திருவிழா விளம்பரத்துக்கு ஓட்டியிருக்கிறார். ஒன்றை இரும்பு விலைக்குப் போட்டார். மற்றதை ஆரல்வாய்மொழியில் ஒரு செங்கல் சூளைக்குக் கொடுத்தார். எதை எங்கே என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் ஒரே மஞ்சப் பெயிண்டு டீச்சர். நான் கோளாம்பியப் பாத்தேன், காரையா பாத்தேன்?"

அங்கிருந்தே சூளைக்கு போன் போட்டுக் கொடுத்தார். சூளை முதலாளி ஆறுமுகப்பெருமாள் மரியாதையாகப் பேசினார். ஆர்.சி. புத்தகம் கிடையாது, நம்பர் பலகை எப்போதோ உதிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காரை வாங்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வருகிறது. கூரையை அறுத்துவிட்டுக் கல்யாண ஊர்வலத்துக்குத் திறந்த காராக்கப் போகிறார்கள். இருந்தது ஞாயிறு ஒரு நாள்தான்.

கருங்கல்லில் பஸ் மாறித் தேங்காய்ப்பட்டணம் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. செய்தி கேட்டு ஞானப்பிரகாசம் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ வர மாட்டேன் என்றார்.

"அது மற்றக் காருன்னு ஆயிட்டுன்னா, பெறகு எனக்கே என்மேல நம்பிக்கை போயிரும் டீச்சர்."

வாசலில் வலை பார்த்துக்கொண்டிருந்த அவர் மச்சினர் மரியதாஸ் நிமிரவே இல்லை. "போயிட்டு வாரும் ஓய். வரும்போ கோப்பையையும் எடுத்துட்டு வாரும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் ஞானப்பிரகாசத்தைக் கிளப்பியது என்று நினைக்கிறேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் எட்டு மணிக்கு வாடகை ஆம்னி வேனில் கிளம்பினோம். போக வர வாடகை ஆயிரத்து இருநூறு, தூரம் ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர். தக்கலை தாண்டியதும் ஞானப்பிரகாசம் கைக்கடிகாரத்தையும் மைல்கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "தம்பி, ஒன் மீட்டர் வேகத்த மூணு கிலோமீட்டர் கூடக் காட்டுகு" என்றார். டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவை வெறிபிடித்துச் சுற்றுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஆனி, ஆடியில் வாருங்கள். சூளையில் ஆறுமுகப்பெருமாள் ஓலைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய்த் தார்ப்பாயை விலக்கினார். மஞ்சள் பெயிண்ட் பொரிந்து, நாலு சக்கரமும் காற்றிறங்கி, கூரையில் துளைகளோடு கார் நின்றது. "ராலி காருதான்னு உறுதியாத் தெரிஞ்சா நான் குடுக்க மாட்டேன். ஆனா ஆசைப்பட்டுச் சொல்லப்பிடாது அண்ணாச்சி" என்றார். நியாயமான பேச்சு.

ஞானப்பிரகாசம் சுற்றிச் சுற்றி வந்தார். சீட் வேறு, டாஷ்போர்டு வேறு. பானெட்டோடு முன்பக்கம் முழுவதையும் தூக்கிப் பார்த்தார், என்ஜினே இல்லை. இடது சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். இறங்கியபோது முகம் வாடியிருந்தது. "மைக் செட்டுக் காருல என்ன மிஞ்சும் அண்ணாச்சி, மனசு விடாதீங்க" என்றார் ஆறுமுகப்பெருமாள்.

ஞானப்பிரகாசம் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். அடியில் ரெக்சின், அதன் கீழே மைக் செட்காரர் அடித்த தகரம். திருப்புளி கேட்டு வாங்கித் தகரத்தை நெம்பினார். கீழே கறுத்த அயனி மரப் பலகைகள் தெரிந்தன. ஒரு ஆணி கூட இல்லை. பலகையோடு பலகை கயிற்றால் தைத்திருந்தது, கடலில் போகும் வள்ளத்தைத் தைப்பது போலவே.

"காருக்குள்ள என்ன அண்ணாச்சி வள்ளம்?"

"ரெண்டு ஸ்டெப்னி கிடந்து ஆடும்லா, அதுக்குத்தான் பலகை. ஆணின்னா கல்லு ரோட்டுல களண்டுரும், கயிறு களலாது. எங்க சித்தப்பா தச்சது."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஊரில் ராலி கதைக்குச் சிரித்ததைவிடக் காருக்குள் வள்ளம் தைத்த கதைக்குத்தான் அதிகம் சிரித்தார்களாம். அதனால் அதை மட்டும் சொல்வதை நிறுத்திவிட்டார். மைக் செட்காரரின் தகரம் மூடியிருந்ததால், அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய், குடித்த அந்தக் கயிறு நாற்பது வருடமாக இற்றுப்போகாமல் இருந்திருக்கிறது. விரலால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஆறுமுகப்பெருமாள் எங்கள் முன்னாலேயே திருவனந்தபுரத்துக்கு போன் செய்து, கார் விற்பனைக்கு இல்லை என்றார். பிறகு சூளையில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டுச் சக்கரங்களுக்குக் காற்றடித்துக் காரை வெளியே தள்ளச் சொன்னார். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஞானப்பிரகாசம் இடது சீட்டில். செங்கல் அடுக்குகளுக்கு நடுவே கார் உருண்டபோது, "முப்பதடி நேரே, பெறகு வலது, மெதுவா, மெதுவா" என்று அவர் குரல் கேட்டது. தள்ளியவர்கள் சிரித்துக்கொண்டே அவர் சொன்னபடி தள்ளினார்கள். அந்த முகத்தை நான் படமெடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். மரியதாஸ்தான் முதலில் டிக்கிக்குள் தலையை விட்டார். அவரும் வள்ளம் அறிந்தவர். முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிவிட்டு, "இது மாமன் கைதான்" என்றார். ஞானப்பிரகாசத்தின் சித்தப்பா அவருக்கு மாமன் முறை. தலையை வெளியே எடுத்ததும், "ஓய், மூணாவது இடம்னு ஏன் சொன்னீரு? ஒண்ணாவதுன்னு சொல்லியிருந்தாலும் இப்ப நம்பியிருப்பேனே" என்றார். ஞானப்பிரகாசம் நிமிர்ந்து, "மூணாவதுதான்" என்றார்.

பழைய காரைத் தேடிப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். பெயிண்டையும் சீட்டையும் நம்பாதீர்கள். வாங்கியவர் எல்லாரும் முதலில் மாற்றுவது அவற்றைத்தான். யாரும் குனிந்து பார்க்காத இடங்களில்தான் பழையது மிஞ்சும். சூளைக்குப் போவதானால் ஞாயிறு காலை நல்லது, வேலை நடக்காது, முதலாளி இருப்பார். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்கு அடிக்கடி பஸ் உண்டு, அரை மணி நேரம்தான். முடிந்தால் அந்தக் காரில் உட்கார்ந்து போனவரையும் கூட்டிப் போங்கள். நான் தனியாகப் போயிருந்தால் தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

இந்த வாரம் உங்கள் தெருவில் மூடிக் கிடக்கும் பழைய கார் ஒன்றின் உரிமையாளரிடம் போய், இதை உங்களுக்கு விற்றது யார் என்று கேளுங்கள்.