பல வீட்டு அரிசி

சாம்பல் புதன் நெருங்கும்போதே அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். தவக்காலம் முழுக்க, உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி அதில் விழும். எழுபதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த எல்லா வீடுகளிலும் இதே வழக்கம்தான். ஞாயிறுதோறும், கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் மனைவி வருவார். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக்கொண்டு போவார். இல்லாத வீடுகளுக்கு அதைக் கொடுப்பது அவர் பொறுப்பு.

அம்மாவுக்கு யாரையும் சட்டென்று நம்பும் வழக்கமில்லை. பால்காரர் சிரித்துப் பேசினால் அன்றைக்குத் தண்ணீர் ஜாஸ்தி என்பாள். எனக்கும் அதே புத்திதான் வாய்த்திருக்கிறது. ஒருநாள் ஏதோ வேலையாக உபதேசியார் வீட்டுக்குப் போனவள், அவர் தட்டைப் பார்த்துவிட்டாள். பல ரக அரிசி ஒன்றாய் வெந்ததுபோல, பாதி சோறு குழைந்தும் பாதி விறைத்தும் கிடந்ததாம். ஊர் கொடுத்த அரிசி இவர்கள் உலையில் வேகிறது என்று நேரே பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னாள். ஈஸ்டர் முடிந்ததும் வேறு ஆளிடம் அந்தப் பொறுப்பை விடுவதாகச் சாமியார் சொல்லிவிட்டார். அது உபதேசியாரம்மாவுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

அதே தவக்காலத்தில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தேரடிப் பக்கம் இருந்த தையல் கடையை மூடினோம். டின்னில் போடக்கூடப் பிடி அரிசி இல்லை. கோயிலில் மணியடித்து எடுபிடி வேலை செய்யும் கோயில்பிள்ளை ஒரு பை அரிசி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை முறத்தில் பரப்பினாள். நன்றி சொல்லத் தோன்றவில்லை, சந்தேகம்தான் கிளம்பியது. அத்தனையும் ஒரே ரகம், சன்ன அரிசி.

"இது பிடியரிசி இல்ல. அப்ப அது எங்க போவுது?" என்று என்னையும் இழுத்துக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தாள்.

உபதேசியாரம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டும் முகம் மாறவில்லை.

"உங்களுக்கு வந்தது கீழ்பென்னாத்தூர்ல எங்க அண்ணன் நிலத்துல வெளைஞ்சதுங்க. கலப்பு அரிசிய அனுப்பினா சோத்தப் பாத்தே இது கோயில் அரிசின்னு அக்கம்பக்கத்துக்குத் தெரிஞ்சிடும். அதான் அத நாங்க வெச்சிக்கினு எங்களுத அனுப்பறோம்."

உபதேசியாரம்மா பானையை நிமிர்த்தி வைத்தார். அவரே தொடர்ந்தார்.

"நீங்க சாமியார்கிட்ட சொன்னதும் தெரியும்ங்க. அதுக்காக உங்க பசங்க பட்டினி கெடக்கணுமா?"

தவக்காலப் பிரசங்கங்களில் இறைவனின் இரக்கத்தைப் பற்றி நிறையக் கேட்கிறேன். யாரைப் பற்றிக் கோள் சொன்னோமோ, அவர் கையாலேயே அது வந்து சேர்ந்தால் விழுங்குவது எத்தனை கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை. அம்மாவின் முகத்தில் அன்று முதலில் வந்தது கோபம்தான். நன்றி அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

தரையில் உட்கார்ந்து, தட்டுக்காகக் கை நீட்டினாள்.

"எனக்கும் அந்தச் சோத்துல கொஞ்சம் போடுங்க. சாப்ட்டுட்டு சாமியாரப் பாக்கப் போறேன்."