திருப்பிப் போட்ட ஜாக்கெட்

எங்கள் பக்கத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டைத் திருப்பிப் போடுவார்கள். மோட்டார் என்றால் எங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான். இரண்டு கைகளையும் முன்பக்கமிருந்து நுழைத்து, நெஞ்சு முழுக்கத் துணி மூட, ஜிப் முதுகுப் பக்கம் திறந்து தொங்க, அப்படியே ஏறிப் போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. காற்று நெஞ்சில்தான் அடிக்கிறது, சட்டையின் முன்பக்கம்தான் அழுக்காகிறது, போய் இறங்கியதும் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம். என் வீட்டுக்காரர் முப்பது வருடமாக அப்படித்தான் போட்டார். அவருடைய அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போகும்போது அப்படித்தான் போடுவாராம். இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் வேறொன்றும் கூடவே வந்துவிடும் என்று தெரிந்துதான் இத்தனை மாதம் தள்ளிப் போட்டேன்.

நான் ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு கிளினிக்கில் மருந்து கட்டிக் கொடுக்கிறவள். பதினெட்டு வருடமாகிறது. மோட்டாரில் விழுந்து வருகிறவர்களுக்குக் காயம் கழுவிக் கட்டுவதும் என் வேலைதான். தார் ரோடு மனிதத் தோலை என்ன செய்யும் என்று என்னிடம் கேட்டால் சொல்வேன். முழங்கையில் சதைக்குள் போன சிறுகல்லை இடுக்கியால் எடுக்கும்போது ஆம்பிளைகள் எல்லாம் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவர்களைப் பார்த்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், இவர் பட்டன் இல்லாத பழைய விண்ட்பிரேக்கரைத் திருப்பி மாட்டிக்கொண்டு இரவு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

அவருக்கு கோப்பெங் பக்கம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டும் வேலை. போன வருடம் தொழிற்சாலை வாசலிலேயே மழையில் வழுக்கி விழுந்தார். பெரிய அடி இல்லை என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, முதுகெலும்பில் இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார் டாக்டர். இது ஆறிவிடும், ஆனால் இதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் எழுந்து நடப்பது சந்தேகம், மோட்டாரை விட்டுவிடுங்கள் என்றார். நல்ல மனிதர். மோட்டாரை விட்டுவிட்டு எதில் போவது என்று அவருக்கு யார் சொல்வது? தொழிற்சாலை வேன் நின்று பல வருடமாகிவிட்டது. ஷிப்டு நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் வாங்கும் யோகம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஐம்பத்தோரு வயது ஆளுக்குப் பக்கத்தில் வேலை தேடினோம். கேட்ட இடமெல்லாம் வயதைத்தான் முதலில் கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடியும் மோட்டாரை எடுத்தார். அன்றிலிருந்து அந்த முதுகைக் காப்பாற்றுவதுதான் என் கவலையாகிவிட்டது.

ஈப்போ டவுனில் மோட்டார் சாமான் கடைக்குப் போனேன். கூரையிலிருந்து ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. தோளில், முழங்கையில், முதுகில் கெட்டித் தகடு வைத்தவை. கடைக்காரச் சீனர் முதுகுத் தகட்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்திக் காட்டினார். விலைச் சீட்டைப் பார்த்தேன். தப்பாக ஒட்டிவிட்டார்களோ என்று அடுத்ததையும் பார்த்தேன். அது இன்னும் மோசம். மலிவாகக் கேட்டதற்கு வேறொன்றை எடுத்துப் போட்டார். அவரே அதை இரண்டு விரலால் அமுக்கி, அக்கா, இது வெறும் பஞ்சு, குளிருக்கு ஆகும், விழுந்தால் ஆகாது என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன அந்த ஆளை எனக்குப் பிடித்தது. வெறுங்கையோடு வந்தேன்.

பிறகு போனில் தேடி, படத்தைப் பார்த்து, முட்டிக் கவசம் ஒரு ஜோடி வாங்கினேன். பார்சலைப் பிரித்தால், சக்கரச் செருப்புப் போட்டு விளையாடும் சின்னப் பிள்ளைகளுக்கானது. அவர் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, மணி என்ன ஆச்சு பார் என்றார். அன்றைக்கு நான் சிரிக்கும் நிலையில் இல்லை. இப்போது நினைத்தால் சிரித்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

கடைசியில் பண்டல் கடைதான் கை கொடுத்தது. ஜப்பானிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளைப் பிரித்து விற்கும் கடை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக அங்கே போய், கை நிறையப் பூஞ்சை வாடையோடு திரும்பினேன். மூன்றாவது ஞாயிறு அது அகப்பட்டது. கறுப்பும் சாம்பலும் கலந்த ஜாக்கெட். தோள், முழங்கைத் தகடுகளை யாரோ உருவிவிட்டார்கள், பைகள் காலியாகக் கிடந்தன. முதுகில் மட்டும் ஆமை ஓடு மாதிரி கெட்டியான தகடு அப்படியே இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான். ஜிப்பில் அடியில் ஒரு பல் இல்லை. கடைப் பெண் இரண்டு முறை மேலும் கீழும் இழுத்து, ஓடுகிறது பாருங்கள் என்றாள். அந்தப் பல் இல்லாததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கொடுக்கிற விலைக்கு இது போதும் என்று நினைத்தேன்.

இரண்டு தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பரிசு கொடுப்பதுபோல் மடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவர் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றார். முதுகுத் தகடு நெஞ்சில் நிமிர்ந்து தாடையை இடித்தது.

"முதுகுக்கு வாங்குனத நெஞ்சுல மாட்டிக்கிட்டுப் போறீங்களே" என்றேன்.

"காத்து நெஞ்சுலதானே அடிக்குது. முதுகுலயா அடிக்குது?" என்றார்.

ஒரு மாதம் இதே சண்டை. நான் கேட் வரைக்கும் போய் நின்று சரியாகப் போடவைத்து அனுப்புவேன். முனை திரும்பியதும் மோட்டாரை நிறுத்தி மாற்றிக்கொள்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எக்ஸ்ரேயை எடுத்துச் சமையல் மேசை மேல் விரித்து வைத்தேன். அவர் அதன்மேல் கோப்பிக் குவளையை வைத்துக் குடித்தார். பிறகு ஒரு காலை, திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அழுதுவிட்டேன். நான் அழுகிற ஆள் இல்லை. அவர் ஜாக்கெட்டைக் கழற்றி, நேராகப் போட்டு, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான்கு மாதம் அவர் அதைத் திருப்பவில்லை. வியர்த்து வழிந்தது. வேலையிடத்தில் ரோபோ என்று பெயர் வைத்தார்களாம். வீட்டுக்கு வந்து குறை சொல்வார், ஆனால் போட்டுக்கொள்வார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன்.

மழை மாதம் தொடங்கியபோது ஜிப் போய்விட்டது. அந்த இல்லாத பல்லில் தொடங்கி, இழுக்கும் பிடி ஒரு பக்கமாகக் கழன்று கையோடு வந்தது. வேகமாகப் போனால் ஜாக்கெட்டுக்குள் காற்று புகுந்து உப்பிக்கொள்கிறது, மோட்டாரை ஒரு பக்கம் இழுக்கிறது என்றார். ஊக்கு குத்திக்கொண்டு ஓட்டினார். நான் தையல் கடைக்கு எடுத்துப் போனேன். தீபாவளித் துணி மலையாகக் கிடந்தது. இரண்டு நாள் வைத்துவிட்டுப் போங்கள் என்றார் தையற்காரர். இரண்டு நாள் என் வீட்டுக்காரர் எதைப் போட்டுக்கொண்டு போவார் என்று யோசித்து, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அந்த வாரம் அவருக்குச் சளி. மூன்று நாளாக இருமல். அன்று காலை ஷிப்டு. வெளியே இருட்டு, தூறல், சுண்ணாம்பு மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று. அவர் ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். ஒரு ஊக்கு வளைந்து விரலில் ஏறிவிட்டது. விரலைச் சப்பிக்கொண்டே இருமினார்.

"இன்னிக்கு மட்டும் திருப்பிப் போட்டுக்குங்க" என்றேன். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு. காத்துப் படக்கூடாது."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீயா சொல்ற?"

"ஒரு நாளுதானேலா."

நானே அதை வாங்கித் திருப்பி, அவர் கைகளை நுழைத்து, தகட்டை நெஞ்சில் சரியாக உட்காரவைத்து, கழுத்துத் துணியை உள்ளே செருகிவிட்டேன். காற்றுப் பட்டுச் சளி பிடிப்பதில்லை என்று பதினெட்டு வருடத்தில் எத்தனை டாக்டர் வாயால் கேட்டிருப்பேன். கேட்டுக்கொண்டே மருந்து கட்டியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு என் வாயில் வந்தது அதுதான்.

வேலைக்குப் போகும் வழியில், சிம்பாங் பூலாய் வளைவில் கல் லாரி ஏதோ பொடிக்கல்லைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறது. மழையில் தெரியவில்லை. சக்கரம் வழுக்கி, மோட்டார் ஒரு பக்கம் போக, அவர் சாலை நடுவில் இருக்கும் சிமெண்டுத் திட்டின்மேல் மல்லாக்க விழுந்தார். யாரும் இடிக்கவில்லை, யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. மோட்டாரை நிறுத்தி ஓடிவந்த ஒரு மலாய்க்காரப் பையன் அவர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டான். நான் கவுண்டரில் இருமல் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருடைய சாமான்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஹெல்மெட் ஒரு பக்கம் பிளந்திருந்தது. ஜாக்கெட்டின் கைகளில் கொஞ்சம் தேய்ப்பு. தகட்டை வெளியே உருவி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அடி அதே இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி இல்லை.

இப்போது ஏழு மாதம். முதலில் பயிற்சி, பார்ப்போம் என்றார்கள். இப்போது பழகிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கட்டில் வரவேற்பறையில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கிளினிக்கிலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம், பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஓடிவந்து திருப்பிவிட்டுப் போகிறேன். இது மாறும் என்று யாரும் சொல்வதில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. ஆனால் அன்று காலை மட்டும் அவர் நினைவில் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட சாடின் மீன் குழம்பு ஞாபகமிருக்கிறது. அதற்கடுத்து ஆஸ்பத்திரி மேற்கூரைதான். ஜாக்கெட் திருப்பிப் போட்டிருந்ததாக ஆம்புலன்ஸ்காரர் சொன்னதை நர்ஸ் வழியாகக் கேட்டிருக்கிறார். மூன்றாம் நாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்தார்.

"என்னை மன்னிச்சிரு. நீ எவ்வளவு சொன்ன. நான்தான் கேக்காம மறுபடியும் திருப்பிட்டேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "பேசாம கஞ்சியக் குடிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்கிறார். சம்சாரம் பேச்சைக் கேட்காததால் வந்தது என்கிறார். அவர்கள் என்னை மரியாதையோடு பார்க்கிறார்கள். கோயில் ஆட்கள் இரண்டு பேர் இவர் சொன்னதைக் கேட்டு ஜாக்கெட்டை நேராகப் போடத் தொடங்கிவிட்டார்களாம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய இரண்டு முறை வரிசையில் நின்றேன். கோபம், எரிச்சல், தெருவில் நடந்து போகிறவர்களின் கால்களைப் பார்த்துப் பொறாமை, எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இவரிடம் சொன்னால் அடுத்த நிமிடமே மன்னித்துவிடுவார், அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. எனக்குப் பயம், வேறொன்றுமில்லை.

போன மாதம் அவர் தம்பி வந்திருந்தார். ஆயர் தாவாரில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, அவரும் மோட்டார்தான். சும்மா கிடக்கும் ஜாக்கெட்டைத் தம்பிக்குக் கொடு என்றார் இவர். கொடுப்பதற்கு முன்னால் ஜிப்பை மாற்றிவிடலாம் என்று தையல் கடைக்கு எடுத்துப் போனேன். கடையில் கூட்டமில்லை. நின்றுகொண்டே வாங்கிவிட்டேன். பத்து நிமிட வேலை.

தம்பி அதை வாங்கி, பழக்கத்தில், முன்பக்கமாகக் கைகளை நுழைத்தார்.

"டேய், திருப்பிப் போடாத" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார் இவர். "எப்படிப் போடணும்னு உங்க அண்ணி சொல்லுவா, கேட்டுக்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நேராப் போடுங்க தம்பி" என்றேன்.

இவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியா. அன்னிக்குக் காலையிலயும் இதத்தான் சொல்லியிருப்பா. இல்ல?"

ஆமாம் என்றேன்.