சாய்க்காத விளக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவதற்கு முன்பே நானும் என் கணவரும் நண்பர்கள் சிலரோடு மலையேறப் போவோம். எல்லோர் நெற்றியிலும் ஒரு ஹெட்லேம்ப் இருக்கும். பேசுவதற்காக ஒருவர் பக்கம் திரும்பினால் விளக்கைக் கீழே சாய்த்துவிட வேண்டும். அது எங்களுக்குள் இருந்த மரியாதை. மறந்தவரை, "அலமாக், போலீஸ் விசாரணையா லா?" என்று மலாய் கலந்து கேலி செய்வோம். என் கணவர் ஒருநாளும் அந்தக் கேலிக்கு ஆளானதில்லை.

மலையோடு நின்றிருந்த அந்த விளக்கு சென்ற ஆண்டு மெல்ல வீட்டுக்குள் நுழைந்தது. முதலில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடிக்குழாயைச் சரிசெய்ய, அது இயல்புதான். பிறகு பொத்தான் தைக்க. பிறகு நகம் வெட்டவும்கூட.

"ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்குல்ல," என்பார்.

நம்பவே விரும்பினேன். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு லாரிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர் அவர்.

ஒரு மழைநாள் பிற்பகல். சமையலறையில் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழேயே அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, எனக்காக நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் ஏதோ கேட்டேன். நிமிர்ந்தார். வெளிச்சம் நேராக என் கண்ணில் விழுந்தது. அவர் அதைச் சாய்க்கவில்லை.

"கண்ணு கூசுதுங்க. லைட்ட கீழ எறக்குங்க."

"எறக்கினா ஒன் மூஞ்சி தெரியலம்மா."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலும். கை நெத்திலியின்மேல் அப்படியே நின்றது.

"மோட்டார் ஓட்டறதுக்கெல்லாம் தெரியுது லா," என்று அவசரமாகச் சேர்த்தார்.

"என் மூஞ்சி தெரியல, லோரி மட்டும் தெரியுதா?"

"லோரி ஒன்னவிடப் பெருசு."

இருவருமே சிரிக்கவில்லை. நான் கையை நீட்டினேன். "சாவியக் குடுங்க. இன்னிக்கு நைட் ஷிஃப்ட்டுக்கு ஃபேக்டரி பஸ்ல போங்க. நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்."

"கண்ணு சரியில்லன்னு அவரு சொல்லிட்டா வேலையும் போயிரும். அப்புறம் நான் என்ன செய்ய?"

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. கடைசியில், மீன்வாடை படிந்த சாவி என் உள்ளங்கைக்கு வந்தது.

பிறகு, பழைய மரியாதை நினைவுக்கு வந்தவராய், விளக்கைச் சாய்க்க நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும்," என்றேன்.

என் கண்களில் நீர் கோத்தது. மூடாமல், முகத்தைத் திருப்பாமல், அவர் பார்த்து முடிக்கும்வரை அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன்.