சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் தண்ணீர் குடிக்க நிற்கிறேன். குடிநீர்த் தொட்டியின் நெற்றியில் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று போட்டு ஓர் இன்ஸ்பெக்டரின் பெயர் இருக்கிறது. தொட்டி சிறியது, எழுத்துதான் பெரியது. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் அந்தப் பெயரின் மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏங்க அழிக்கிறீங்க?"

"ஸ்டேஷன்ல வச்சு ஒருத்தர அடிச்சே கொன்னுட்டாருங்க. நேத்து கோர்ட்டுல ஆயுள் தண்டனை குடுத்துட்டாங்க. செத்தவரு எங்க தெருதான்."

"ஊர்ல எல்லாருக்கும் சந்தோஷமா?"

"பின்ன? பட்டாசு வெடிச்சோம். போலீஸ் வந்து கேட்டா காதுகுத்துனு சொல்லிக்கலாம்னு ஒரு கொழந்தைக்குப் புதுச்சட்ட வேற போட்டு வச்சிருந்தோம்."

பெயின்ட் அடித்தால் நன்றாக மறையுமே என்கிறேன்.

"நானும் அதத்தாங்க சொன்னேன். ஊர்ப் பெரியவங்க வேணாம்னுட்டாங்க. அவரு அப்பீலுக்குப் போறாராம். ஜெயிச்சுத் திரும்பி வந்துட்டா? சுண்ணாம்புன்னா ஈரத்துணியால தொடச்சாப் போதும், பேரு அப்படியே இருக்கும்."

பாதி எழுத்துக்கள்தான் மறைந்திருக்கின்றன. அவர் சாலையின் இரு பக்கமும் ஒருமுறை பார்க்கிறார். பிறகு இடுப்பிலிருந்து சுரண்டுதகட்டை எடுத்து, அடுத்த எழுத்தைச் சிமென்ட் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு, அதன்மேல் சுண்ணாம்பைத் தடவுகிறார்.

"பெரியவங்களுக்குத் தெரிஞ்சா?"

"அவரு அப்பீல்ல ஜெயிச்சாதாங்க தெரியும்."