வெண்டிக்காயின் நாடித்துடிப்பு

அந்தக் கருவி பொய்யென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். அதுவும் தருமமாக... என் உம்மாவின் பெயரில்!

இதைப் படிக்கும் நீங்கள், என்னை நல்லவள் என்று எண்ணிக்கொண்டு தொடர வேண்டாம். கல்முனைக்குப் பக்கத்து ஊரொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் "டீச்சரிட்டக் கேளுங்க" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சமா? நிறையவே.

உம்மாவுக்கு முட்டு வருத்தம். மழை இருட்டினாலே போதும், மூச்சை இழுத்து இழுத்து வாங்குவார். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கிறதென்று காட்டும் விரல் கருவியொன்று வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். மருந்துக்கடையில் நல்லது இருந்தது. அதை விட்டுவிட்டுக் கைப்பேசியில் கண்ட ஒரு விற்பனைப் பக்கத்தில் வாங்கினேன். பேர்போன கம்பனியின் பெயர், பளபளக்கும் படம், வாங்கியவர்களின் புகழ்மாலை, அரைவிலை... விழுந்துவிட்டேன்.

பொதி வந்து சேருமுன் உம்மா மௌத்தாகிவிட்டார்.

அடக்கம் முடிந்து, வந்த சனமெல்லாம் கலைந்துபோன ஒரு காலையில் பொதி வந்தது. பிரித்து என் விரலில் மாட்டினேன். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. ஒட்சிசன் தொண்ணூற்றெட்டு, நாடித்துடிப்பு எழுபத்துநான்கு. நல்ல ஆரோக்கியம்!

மூச்சை அடக்கிப் பார்த்தேன். அதே எண்கள். முற்றத்தைச் சுற்றி ஓடிவந்து, நெஞ்சு படபடக்க மாட்டிப் பார்த்தேன். அதே எண்கள். சமையலுக்கு எடுத்துவைத்திருந்த வெண்டிக்காய் ஒன்று கையில் அகப்பட்டது. அதில் மாட்டினேன்.

தொண்ணூற்றெட்டு. எழுபத்துநான்கு.

நான் சிரித்தேன். வாப்பா இல்லாத வீட்டில், உம்மாவும் போய்விட்ட வீட்டில், தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். பிறகு பார்த்தால்... தட்டில் கிடந்த அந்தக் காய்க்குள் சிவப்பு ஒளி நின்று நின்று துடித்தது. கழற்றிவிட்டேன். அன்று வெண்டிக்காய் சமைக்கவில்லை.

போலிச் சாமான் வாங்கி ஏமாந்தால் என்ன செய்ய வேண்டும்? நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஊருக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ரஹ்மா, இப்படித்தான் ஒரு முகக் கிரீமை வாங்கிப் பூசி, கன்னம் வெந்து, வெட்கப்படாமல் அந்தப் படத்தை எங்கள் ஒழுங்கைப் பெண்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். மற்றவர்கள் வாங்கிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம். நான் விட்டேனா? நீளமாக ஒரு குரற்பதிவு அனுப்பினேன். மூளையைப் பாவிக்கக் கூடாதா என்று முதலில் ஏச்சு. பிறகு உபதேசம். பெட்டியை எறிய வேண்டாம், படமெடுத்து வை. விற்றவனுக்கு எழுது, அவன் விற்ற தளத்துக்கும் எழுது. பாவனையாளர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடு. நாலு பேருக்குச் சொல்லு. கடைசியாக ஒன்று சொன்னேன். என் குரலிலேயே இன்னும் அது அந்தக் குழுவில் கிடக்கிறது.

"பொய்ச் சாமான ஒருத்தருக்கும் கைமாத்தாதீங்க. விக்கவும் வேணாம், சும்மா குடுக்கவும் வேணாம்."

ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே!

நான் எழுதப் போனபோது அந்த விற்பனைப் பக்கமே மறைந்திருந்தது. அதனாலென்ன, நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வெண்டிக்காயைப் படமெடுத்துப் போட்டிருந்தால் போதுமே! ஆனால் ரஹ்மா பார்ப்பாள். வாய்விட்டுச் சிரிக்கமாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் அல்ல. "டீச்சருமா?" என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். இப்போது எதையெதையெல்லாம் தாங்குகிறேன், பாருங்கள்...

உம்மாவுக்கு நாற்பதாம் நாள் ஓதும் கத்தம் வந்தது. எங்கள் பள்ளிவாசலில் நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கும் அலுமாரி ஒன்றிருக்கிறது. சக்கரக் கதிரை, ஊன்றுகோல், ஆவி பிடிக்கும் மெசின் எல்லாம் அதில் இருக்கும். கத்தத்துக்கு வந்த, பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் சாப்பிட்டுக் கைகழுவியபடி கேட்டார்.

"உம்மாட பேரில அலுமாரிக்கு ஏதும் குடுக்கிறீங்களா மகள்?"

என் வாய் முந்திக்கொண்டது. "ஓம். ஒட்சிசன் பார்க்கிற மெசின் ஒண்டு இரிக்கி. புதுசு."

மாஷா அல்லாஹ் என்றார்கள். யாரோ துஆக் கேட்டார்கள். உம்மாவின் பெயரை எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டினார்கள். மனிதர் விரலில் சரியாகக் காட்டினாலும் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஞ்ஞான ஆசிரியை அல்லவா, பொய்யைக் கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியும்!

ஜாரியாவான தருமம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொடுத்த பொருள் பாவனையில் இருக்கும் காலமெல்லாம் அதன் நன்மை இறந்தவரின் கபுருக்குப் போய்க்கொண்டே இருக்கும். நன்மைக்கு அப்படியொரு பாதை இருக்கிறதென்றால்... நான் அனுப்பியது எந்தப் பாதையால் போனது? உம்மாவுக்கு என்ன போய்ச் சேர்ந்தது?

மழைக்காலம் பிறந்தது. ரஹ்மாவின் கணவர் சுபைர் காக்கா கரைவலைக்காரர். கடலில் நனைந்து, சளித் தடிமன் பிடித்து, நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒரு பின்னேரம் ரஹ்மா மதிலுக்கு மேலால் கூப்பிட்டாள்.

"டீச்சர், இவருக்கு மூச்செடுக்கக் கஷ்டமா இரிக்கி. பள்ளி மெசின எடுப்பிச்சு மாட்டினன். தொண்ணூத்தெட்டு காட்டுது. நல்லந்தானே?"

அவள் கையிலிருந்த கருவியின் முதுகில் உம்மாவின் பெயர் தெரிந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். அது பொய், கழற்றி எறிந்துவிட்டு ஓட்டோவைப் பிடி. அவ்வளவுதான்! என் நாக்கில் என்ன இருந்தது தெரியுமா? மரைக்காரின் முகம். அந்த மாஷா அல்லாஹ்.

"ஓம்... நம்பர் நல்லந்தான். எதுக்கும் ஆஸ்பத்திரியில ஒருக்காக் காட்டுங்களன்."

உள்ளே இருந்து இருமலோடு சுபைர் காக்காவின் குரல் வந்தது. "மெசினே நல்லமெண்டு சொல்லுது. டீச்சரும் நல்லமெண்டு சொல்றா. பிறகென்ன ஆஸ்பத்திரி? சும்மா இரி புள்ள."

'எதுக்கும்' என்றேனே, அது போதாதா? இந்தக் கேள்வியை நான் ஆயிரம் தரம் கேட்டுவிட்டேன். போதாது. நீங்களும் போதாதென்றுதான் சொல்வீர்கள்.

அடுத்த நாள் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம் அவர் மௌத்தாகிவிட்டார். டிஸ்பென்சரி டாக்டர் வந்து, கண்ணைப் பார்த்து, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் போனார். நான் போனபோது பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஓதல் நின்றது.

ரஹ்மா அவருடைய கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரலில் அந்தக் கருவி. சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர்! பாருங்க டீச்சர்... காட்டுது! உசிரு இரிக்கி. இவர எடுக்க உடமாட்டன்!"

நான் பார்த்தேன். மூடிய கண்கள், துணியால் கட்டிய தாடை, வெளிறிய உதடு... தொண்ணூற்றெட்டு. எழுபத்துநான்கு. அந்த அறையிலேயே அவருக்குத்தான் நிதானமான நாடித்துடிப்பு.

கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எல்லாருடைய கண்களும் என் பக்கம் திரும்பின. டீச்சரிட்டக் கேளுங்க!

அப்போதாவது சொன்னேனா? இல்லை. முதலாவது பொய்யைக் காப்பாற்ற இரண்டாவதைச் சொன்னேன்.

"உசிரு போன உடன மெசின் நிக்காது ரஹ்மா. உடம்பில கொஞ்சம் மிச்சமிரிக்கும். மெல்ல மெல்லத்தான் நிக்கும்."

அவருடைய விரலில் இருந்து அதைக் கழற்றினேன். எவ்வளவு குளிர்ந்த விரல்! என் முந்தானையில் சுருட்டி மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தபோது அது என் சேலை மடிப்பைக் கவ்விக்கொண்டு எரிந்தது. என் சேலைக்கும் தொண்ணூற்றெட்டு.

அன்று பின்னேரமே, அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். எங்களில் மையித்தை வைத்திருப்பதில்லை, உங்களுக்குத் தெரியும்.

பிறகு கல்முனைக்குப் போய் மருந்துக்கடையில் நல்ல கருவியொன்று வாங்கி, உம்மாவின் பெயரை அதில் ஒட்டி, பள்ளி அலுமாரியில் வைத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்... முடியுமா?

கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவை ரஹ்மா இருந்தாள். வெளியே போவதில்லை, அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை, வெள்ளை உடுத்து ஓர் அறைக்குள் இருப்பு. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனேன். தட்டைத் தொடாமல் என்னையே பார்த்தாள்.

"மெல்ல மெல்லத்தான் நிக்குமெண்டு சொன்னீங்களே டீச்சர்... நீங்க கழட்டக்குள்ள அது நிக்கல்லதானே?"

"இல்ல, நிக்கல்ல..."

"அப்ப எப்ப நிண்டிச்சு? குளிப்பாட்டக்குள்ளயா? மண்ணுக்குள்ளயா?" அவள் குரல் தாழ்ந்துபோனது. "நாம அவர உசிரோட அடக்கிட்டமா?"

டாக்டர் பார்த்துச் சொன்னாரே என்றேன். அவள் தலையசைத்தாள். "டாக்டர் மனிசன். மனிசன் பிழை விடுவான். மெசின் பொய் சொல்லுமா?"

இதை நான் எங்கே கொண்டுபோய்ச் சொல்வேன்! அவளை அந்த மண்ணுக்குள்ளிருந்து மீட்க ஒரே ஒரு வசனம் போதும். மெசின் பொய், உன் புருசன் அப்போதே மௌத்து. ஆனால் அடுத்த மூச்சில் அவள் கேட்பாள். அப்ப முதல்நாள் காட்டினது? அப்ப நீங்க சொன்னது?

நான் சாப்பாட்டைக் காட்டினேன். "ஆறப்போகுது, தின்னுங்க."

நான் பாடசாலைக்குப் போகும் வழியில், கடற்கரையோரம் சுபைர் காக்காவை அடக்கிய மையவாடி இருக்கிறது. அவளுக்கு அது தெரியும். ஒவ்வொரு முறையும் கேட்பாள். "அந்த மதிலடியில ஏதும் கேட்டிச்சா டீச்சர்?" ஒன்றுமில்லை, கடல் இரைச்சல்தான் என்பேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நான் அங்கே நிற்கிறேன். அவர் இறந்துதான் அடக்கப்பட்டார் என்று இந்த ஊரில் யாரையும் விட எனக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அந்தக் கருவியின் பொய்யை அறிந்தவள் நான் ஒருத்திதான். ஆனாலும் பட்டப்பகலில், பாடப் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மதிலில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒரு சீரான துடிப்பு... அலையா, என் இரத்தமா? எழுபத்துநான்கு இருக்கும் என்று மனம் சொல்கிறது. எண்ணிப் பார்க்கத் துணிவில்லை.

இத்தா முடிந்து பல காலமாகிவிட்டது. ரஹ்மா மெலிந்து, இப்போது அவளுக்கும் இழுப்பு வந்துவிட்டது. போன கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மெசின் உங்களிட்டத்தானே இரிக்கி? அலுமாரியில இரிக்கிறது வேற. எடுப்பிச்சுப் பார்த்தன், எனக்குத் தெரியும்."

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"நான் மௌத்தானா அத என்ட விரல்ல மாட்டுங்க. அது நிக்கிற வரைக்கும் என்ன எடுக்க உடாதீங்க. அவருக்கு நடந்தது எனக்கு வேணாம். நீங்க படிச்ச ஆள், நீங்க சொன்னா கேப்பாங்க. வாக்குத் தாங்க டீச்சர்."

அந்தக் கருவி என் அலுமாரியில், உம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. உடைத்துப்போட எத்தனையோ முறை எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் அதன் முதுகிலிருந்த உம்மாவின் பெயர் கைக்குத் தட்டுப்படும். திரும்ப வைத்துவிடுவேன். நேற்றும் எடுத்தேன். எதில் மாட்டினேன் என்று கேட்காதீர்கள். அதே எண்கள்தான்.

அது நிற்காது. யாருக்காகவும் நிற்காது.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.