ராத்திரியில் இறங்கும் பேட்டரி

தாதரில் இறங்கியபோது காலை ஆறரை மணி. கோவில்பட்டியிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்த இடுப்பு என் பேச்சைக் கேட்கவில்லை. வெளியே மழை சாவகாசமாகப் பெய்துகொண்டிருந்தது. திரும்பும்போது ரயில் வேண்டாம், தம்பி செல்வத்தின் பழைய காரை ஓட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவியால் பஸ் படி ஏற முடியவில்லை. புதுக் கார் வாங்க எனக்கு வக்கில்லை. போன மாதம் போனில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "எடுத்துக்கிடுங்கண்ணே" என்று உடனே சொல்லிவிட்டான்.

நடைமேடையில் நின்ற செல்வம் மெலிந்திருந்தான். செம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை, செம்பூரிலேயே வீடு என்று ஊரில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் பம்பாய்க்காரன் அவன். "பக்கத்துல மாட்டுங்காவுல லாட்ஜ் போட்டிருக்கேன்ணே. வீட்டுல பெயின்ட் அடிக்காவ, படுக்க முடியாது" என்றான். வாடகை ஆயிரத்து இருநூறு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கூடப் பிறந்தவன் இருக்கும் ஊரில் எனக்கு லாட்ஜா என்று மனசு சுணங்கியது.

பத்து மணிக்கு டாக்ஸி பிடித்து டிராம்பே போனோம். செம்பூர்க்காரனின் கார் இங்கே எதற்கு நிற்கிறது என்று கேட்டேன். "மாமியார் வீட்டுப் பக்கம்ணே. செம்பூர்ல பார்க்கிங் கெடைக்காது" என்றான். பன்னிரண்டு வயசான வெள்ளைக் கார். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி. ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறதாம். ஒரு டெம்போக்காரரைக் கெஞ்சி, அவர் பேட்டரியிலிருந்து கேபிள் மாட்டி, ஒருவழியாகக் கிளப்பி தாராவிக்கு ஓட்டினோம்.

தொண்ணூறடி சாலையில் அந்தோணி என்பவர் கார் எலக்ட்ரீஷியன். பூர்வீகம் தூத்துக்குடி, பிறந்தது தாராவி. பானட்டைத் தூக்கியதுமே, "பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் கெட்டுப்போயிட்டு அண்ணாச்சி" என்றார்.

"ஆமா ஆமா, அதான்" என்றான் செல்வம்.

ஆல்டர்னேட்டர் இணைப்பைக் கழற்றிப் பார்த்தார். வண்டி அணைந்தே இருந்தாலும் கரண்ட் போய்க்கொண்டிருப்பதாகவே பேட்டரியில் மாட்டிய மீட்டர் காட்டியது. "அப்ப மியூசிக் சிஸ்டம்" என்றார். அதற்கும் செல்வம் தலையாட்டினான். எந்த டாக்டர் எந்த வியாதியைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் நோயாளி போல இருக்கிறாயே என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

அந்தோணி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் மீட்டர் முள் இறங்கவில்லை. "ஃபியூஸ் பாக்ஸுக்கே வராம, எவனோ பேட்டரியில இருந்து டைரக்டா லைன் இழுத்திருக்கான். கார்ப்பெட்டத் தூக்கணும்."

"கார்ப்பெட்டெல்லாம் வேண்டாம்" என்று செல்வத்தின் குரல் உயர்ந்தது. "புது பேட்டரி போட்ருவோம்ணே. காசு நான் குடுக்கேன்."

"ஏல, ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டப் போறவன் நான். வழியில நின்னா நீயா வந்து தள்ளுவ?"

கார்ப்பெட்டுக்கு அடியில் ஒரு சிவப்பு வயர் பின்சீட்டுக்குப் போயிற்று. நடுவில் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று மழைத்தண்ணீரில் ஊறிப் பச்சை பூத்துக் கிடந்தது. கரண்ட் அந்த ஈரத்தில்தான் கசிந்திருக்கிறது. வயரின் முனையில் ஒரு சுவிட்ச், போன் சார்ஜர், பின் ஜன்னல் கண்ணாடிக்கு மேலே திருகிய ஒரு கம்பி.

"இதுல சின்ன ஃபேன் மாட்டியிருந்திருக்கு" என்றார் அந்தோணி. "டிரைவர் யாரோ ராத்திரி உள்ள படுத்திருக்கான். பம்பாய்ல இதெல்லாம் சகஜம் அண்ணாச்சி."

டிரைவர் வைத்துக்கொள்ளும் வசதி செல்வத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர் டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். செம்பூரில் அவன் குடியிருந்த கட்டடத்தைப் புதிதாகக் கட்டுவதாகச் சொல்லி இடித்து இரண்டு வருஷம் ஆகிறதாம். வெளியே தங்க பில்டர் கொடுத்த வாடகை கொஞ்ச நாளில் நின்றுபோனது. மனைவியும் மகளும் டிராம்பேயில் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். ஒரே அறை, ஏழு பேர்.

"அதுல மருமகன் எங்கண்ணே போய்ப் படுக்க? மேல போய்ச் சாப்பிட்டுட்டு, கார்ல வந்து படுத்துக்கிடுவேன்."

"பொறவு எதுக்குல எடுத்துக்கிடுங்கன்னு சொன்ன? நாளைக்கு எங்க படுப்ப?"

"ஆபீஸ் வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." டீ கிளாஸைக் கையிலேயே உருட்டினான். "நீங்க எங்கிட்ட ஒண்ணு கேட்டதே இதான் மொத தடவ. இல்லன்னு எப்படிண்ணே சொல்ல?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எங்கள் வீட்டு மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, குடும்பத்தோடு வந்துவிடு என்றேன். "மக பத்தாவது படிக்கா. அங்க எனக்கு யாரு வேலை தருவா?" என்றான்.

அந்தோணி கட்டிங் பிளேயரோடு வந்து நின்றார். "வெட்டிரவா அண்ணாச்சி?"

"வெட்டாதிய. புது வயர் இழுத்து, ஃபியூஸ் வச்சு, தண்ணி படாம குடுங்க."

"அண்ணே, வண்டி உங்களுக்குல்லா..." என்று எழுந்தான் செல்வம்.

"ஒங்க மைனிக்கு இந்த சீட்டு தாழ்வு. குனிஞ்சு ஏற முடியாது" என்று என் மனைவியைச் சாக்காக்கி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தோம்.

மறுநாள் காரில் தாதர் வரை கொண்டுவந்து விட்டான். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. ஸ்டேஷனில் என் பையை இறக்கும்போது, "ஊர்ல சொல்லாதிய" என்றான்.

கோவில்பட்டியில் ஆட்டோவிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு மனைவி வாசலில் கம்பை ஊன்றி நின்றாள். "காரு எங்க?"

"வயரிங் சரியில்ல."

"சரி, கொழுந்தன் வீட்டையாவது பாத்தியளா?"

பார்த்தேன் என்றேன். அந்த வீட்டில்தான் ஸ்டேஷன் வரை வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.